உம்மாவின் ஆணமும் இயந்திரத்தின் சொல்வதெழுதலும்

போன கிழமை உம்மாவுக்குப் போனில் பேசி எழுதும் வசதியைப் பழக்கிக் கொடுத்தேன். கண் பார்வை குறைந்துவிட்டது, எழுத்துகளைத் தேடித் தேடி அமத்த அவருக்கு ஏலாது. தங்கச்சிக்கு அனுப்ப ஒரு வசனம் சொன்னார்: "மகள், ஆணம் ஆக்கியாச்சு." போன் எழுதியது: "மகள் ஆணவம் ஆகியாச்சு." வீடே சிரித்தது, உம்மாவும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்த மைக்கை அவர் தொடவில்லை. "அது படிச்ச ஆக்களுக்குரியது மகன்" என்று சொல்லிவிட்டார்.

சொல்வதெழுதல் திருத்துகிற கண்ணால் பார்த்தால் மூன்று சொல்லில் இரண்டு பிழை. இந்தத் துறைக்காரரும் இப்படித்தான் திருத்துகிறார்கள். மாற்றி எழுதிய சொல், விட்ட சொல், இல்லாமல் சேர்த்த சொல் எல்லாவற்றையும் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் தொகையால் வகுப்பார்கள். பெயர் சொற்பிழை வீதம். சேர்த்ததும் கணக்கில் வருவதால் பிழை நூற்றுக்கு நூறைத் தாண்டவும் இடமுண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஏன் 'ஆணவம்'? இந்தக் கேள்வி என்னை இரண்டு மூன்று இரவு வாசிக்க வைத்தது.

1952 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 'ஆட்ரி' என்றொரு இயந்திரம் செய்தார்கள். ஆள் உயரமான இரும்புத் தட்டு நிறையக் கருவிகள். அதற்கு விளங்கியது பூச்சியம் தொடக்கம் ஒன்பது வரையான இலக்கங்கள் மட்டும்தான். ஒரு குறிப்பிட்ட ஆளின் குரலுக்குச் சரிசெய்து வைத்து, அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னால், நூற்றுக்கு 97 அளவில் சரியாகப் பிடித்தது. ஆள் மாறினால் தடுமாறியது. பத்து வருடம் கழித்து ஐபிஎம் காட்டிய 'ஷூபாக்ஸ்' பதினாறு சொல் வரை வந்தது. அவ்வளவுதான்.

1969 இல் பெல் ஆய்வுகூடத்தின் ஜோன் பியர்ஸ், இந்த ஆராய்ச்சி எங்கேதான் போகிறது என்று கேட்டு ஒரு கடுமையான கடிதம் எழுதினார். பேசுகிற பொருளே தெரியாத இயந்திரம் ஒலியை மட்டும் வைத்து என்ன செய்துவிடும் என்பது அவருடைய வாதம். அங்கே அந்த வேலை சில வருடங்கள் நின்றே போனது. வாசித்தபோது எனக்குப் பியர்ஸ் சொல்வதே நியாயமாகப் பட்டது.

1971 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஐந்து வருடத் திட்டமொன்றுக்குக் காசு கொடுத்தது. அதில் முன்னுக்கு வந்தது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'ஹார்பி'. 1976 இல் அதற்கு 1,011 சொற்கள் தெரியும். அந்தக் குழுவை நடத்தியவர் ராஜ் ரெட்டி. சித்தூர் மாவட்டக் கிராமமொன்றில் பிறந்து, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958 இல் படித்து முடித்தவர். 1994 இல் டூரிங் விருது வாங்கினார்.

ஆனால் ஆணவத்துக்கான விடை ஹார்பியிடம் இல்லை. அது ஐபிஎம்மில் இருந்த பிரெட் ஜெலினெக்கிடம் இருந்தது. செக் நாட்டு யூதக் குடும்பத்துப் பிள்ளை, தகப்பன் நாசிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்தவர். 1972 முதல் இவரது குழு இலக்கண விதிகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு நிகழ்தகவைக் கையில் எடுத்தது. (மொழியியலாளர் ஒருவரை வேலையால் நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் இயந்திரம் திருந்துகிறது என்று அவர் சொன்னதாக ஒரு கதை பல வடிவங்களில் உலவுகிறது. தமிழ் ஆசிரியனான எனக்கு அது இனிக்கவில்லை.)

அவர்களின் அடிப்படை இன்னும் பழையது. 1913 இல் ரஷ்யாவின் மார்க்கோவ், புஷ்கினின் 'யெவ்கெனி அனேகின்' காவியத்தில் 20,000 எழுத்துகளை எடுத்து, எந்த எழுத்துக்குப் பின்னால் உயிர் வருகிறது, எந்த எழுத்துக்குப் பின்னால் மெய் வருகிறது என்று கையால் எண்ணினார். அதே யோசனையைச் சொற்களுக்குப் போடுங்கள். இயந்திரம் இரண்டு கேள்வி கேட்கிறது. இந்த ஒலி எந்தச் சொல்லுக்குப் பொருந்துகிறது? நான் இதுவரை பார்த்த எழுத்துகளில் அந்தச் சொல் இந்த இடத்தில் வர எவ்வளவு வாய்ப்பு? இரண்டையும் பெருக்கி, கூடியதை எழுதுகிறது. பியர்ஸ் கேட்ட 'பொருளறிவு' இல்லாமலே 1980களில் ஐபிஎம்மின் 'டங்கோரா' 20,000 சொல்லுக்கு வந்தது.

இப்போது உம்மாவுக்கு வருவோம். 'ஆணம்' எங்கள் அடுப்படியில் தினமும் புழங்கும் சொல். அச்சில் தேடிப் பாருங்கள், குழம்பு இருக்கும், கறி இருக்கும். ஆணவமோ எல்லாக் கட்டுரையிலும் எல்லா மேடையிலும் உண்டு. இயந்திரம் உம்மாவின் குரலைக் கேட்காமல் விடவில்லை. கேட்டது, பிறகு தான் வாசித்ததை நம்பியது. துல்லியத்தைக் கூட்டிய அதே வழிதான் இங்கே காலை வாரியது என்பது என் ஊகம்.

பிந்திய கதை வேகமானது. 1997 இல் 'டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங்' சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல் பேச விட்டது. 2010ஐ ஒட்டி டொரொன்டோவில் ஜெப்ரி ஹின்டனும் மாணவர்களும் ஆழ்நரம்பு வலையமைப்பைக் கொண்டுவந்த பிறகு பிழை மளமளவென்று இறங்கியது. அமெரிக்கத் தொலைபேசி உரையாடல்களைக் கொண்ட 'சுவிட்ச்போர்ட்' சோதனையில் 2016 இல் மைக்ரோசொப்ட் 5.9 வீதத்தைத் தொட்டு, மனிதனுக்குச் சமம் என்றது. ஐபிஎம் மறுத்தது, மனிதரின் பிழை 5.1 தான் என்றது. அடுத்த வருடம் மைக்ரோசொப்ட் அதையும் தொட்டது.

இந்த இலக்கங்களை வாசிக்கும்போது கேட்க வேண்டியது, யாருடைய பேச்சில் என்பது. 2020 இல் பெரிய ஐந்து நிறுவனங்களின் இயந்திரங்களைச் சோதித்தார்கள். வெள்ளை அமெரிக்கரின் பேச்சில் சராசரிப் பிழை 19 வீதம், கறுப்பினத்தவர் பேச்சில் 35. அவர்கள் பேசியதும் ஆங்கிலம்தான். 2022 இல் வந்த 'விஸ்பர்' 680,000 மணிநேர ஒலியில் படித்தது, அதில் மூன்றில் இரண்டு பங்களவு ஆங்கிலம்.

என் போனின் மொழிப் பட்டியலில் 'தமிழ் (இலங்கை)' தனியாகவே இருக்கிறது. அதற்கு மாற்றி, நேற்று உம்மாவை மறுபடி பேச வைத்தேன். ஆட்ரிக்கு இலக்கம் சொன்னவர்களைப் போல, ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி, மேடைத் தமிழில் சொன்னார்: "மகள், குழம்பு, தயார்." ஒரு பிழையும் இல்லை. தங்கச்சி உடனே திருப்பிக் கேட்டாள்: "நானா, இது ஆர் எழுதின?"