‘கால் இல்லாவிட்டாலும்’ என்று எழுதி அடித்தேன்

மேடை நடனம் ஏன் ஒரே மாதிரியான உடம்பையே கேட்கிறது? ரொம்ப நாளா இருந்த இந்தச் சந்தேகத்தோடு தேடியபோது பிரிட்டனின் கேண்டோகோ நடனக் குழுவின் கதை கிடைத்தது.

செலஸ்ட் டண்டேகர், லண்டன் கன்டெம்பரரி டான்ஸ் தியேட்டரில் ஆடியவர். 1973-ல் மான்செஸ்டரில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே மேடையில் விழுந்தார். முதுகுத்தண்டில் காயம். அதன்பின் சக்கர நாற்காலி. ஆட்டம் முடிஞ்சுபோச்சுன்னுதான் எல்லோரையும் போல அவரும் நினைத்தார். நடன நிகழ்ச்சிகளுக்கு உடை வடிவமைத்தார். மேடைக்குப் பின்னால் இடம் இருந்தது, மேடையில் இல்லை.

பல வருஷம் கழித்து, அதே குழுவில் ஆடிய தர்ஷன் சிங் புல்லர் ‘தி ஃபால்’ என்ற நடனப் படத்தில் ஆட அவரை அழைத்தார். தயக்கத்தோடு ஒப்புக்கொண்ட டண்டேகர் மறுபடி ஆடினார். அடுத்து, ஆடம் பெஞ்சமினுடன் சேர்ந்து ஸ்டான்மோரில், முதுகுத்தண்டு காயம்பட்டோருக்கான ஆஸ்பயர் மையத்தில் பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார். அதிலிருந்து 1991-ல் கேண்டோகோ பிறந்தது. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து ஆடும் தொழில்முறைக் குழு.

‘தொழில்முறை’ என்பதைக் கவனியுங்கள். இதைச் சிகிச்சையாகவோ தொண்டாகவோ அவர்கள் நடத்தவில்லை. ஷவோன் டேவிஸ், ஹாவியர் டி ஃப்ரூடோஸ் போன்ற பேர்பெற்ற நடன அமைப்பாளர்கள் இவர்களுக்குப் புதிதாக ஆட்டங்கள் அமைத்தார்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்களும், பத்திரிகை விமர்சகர்களும் மற்ற நடனங்களைப் போலவே இதையும் எடைபோட வேண்டியிருந்தது.

தொடக்க காலக் கலைஞர்களில் ஒருவர் டேவிட் டூல். லீட்ஸ்காரர், தபால் துறையில் வேலை பார்த்தவர். சின்னக் குழந்தையா இருந்தபோதே கால்கள் அகற்றப்பட்டவை. 2012-ல் லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவிலும் ஆடினார்.

அவரைப் பற்றிக் குறிப்பெடுத்தபோது, “கால் இல்லாவிட்டாலும் அற்புதமாக ஆடுகிறார்” என்று எழுதினேன். பிறகு அவர் ஆடும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, சட்டென்று திரும்புகிறார். கால் உள்ள யாருக்கும் அந்த அசைவு வராது. அது அவருடைய உடம்பிலிருந்தே பிறந்த நடனம்.

அந்த வரியிலிருந்த ‘உம்’தான் உறுத்தியது. பாராட்டு மாதிரி வந்து, அவரை ஒரு படி கீழே உட்கார வைத்துவிடுகிறது. அடித்துவிட்டு, “கைகளால் ஆடுகிறார்” என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.