பழைய கம்ப்யூட்டருக்கு மறதி வந்தா, சிப்பை மட்டும் மாத்தினா போதுமா?

1/ பழைய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் ஒன்னு உங்க கைக்கு வருது. ஆன் பண்றீங்க. திரையில வெறும் கோடுகள். "மெமரி போச்சு, சிப்பை மாத்து"ன்னு சொல்வாங்க. அவசரப்படாதீங்க. இதுக்குப் பின்னாடி ஒரு 1982 கதை இருக்கு.

2/ அந்த வருஷம் ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் இதை வெளியிட்டது. 16 கேபி மாடல் 125 பவுண்டு, 48 கேபி மாடல் 175 பவுண்டு. சாதாரணக் குடும்பமும் வாங்கணும் என்பதால் உள்ளே எல்லாத்துலயும் சிக்கனம்.

3/ எந்த அளவுக்கு? 48 கேபி மாடலின் கூடுதல் 32 கேபிக்கு, ஒரு பாதி பழுதான 64 கிலோபிட் சிப்களை மலிவா வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தினாங்க!

4/ முதல் 16 கேபியில்தான் திரைப்படமும் சேமிக்கப்படுது. அதில் எட்டு 4116 சிப். பைட்டின் 8 பிட்டில் ஆளுக்கு ஒன்னு. அதனால் ஒரு சிப் போனா, எட்டுப் புள்ளிக்கு ஒன்னு வீதம் நெட்டுக்குத்தாக் கோடு விழும். எத்தனையாவது புள்ளின்னு எண்ணினா எந்த சிப்னு தெரிஞ்சிடும்.

5/ ஆனா அது ஏன் போச்சு? 4116-க்கு +5, +12, -5 என மூணு வோல்ட் வேணும். அடாப்டர் தருவதோ ஒரே 9 வோல்ட். +12, -5 ரெண்டையும் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரும் ஒரு காயிலும் சேர்ந்துதான் உருவாக்குது.

6/ -5 நின்னு +12 மட்டும் வந்தா சிப் செத்துடும். சில சமயம் தலைகீழா, சிப் ஷார்ட் ஆகி டிஆர்4-ஐக் கொல்லும்.

7/ வயித்துப் புண்ணில் ரத்தம் கசியறவருக்கு ரத்தம் மட்டும் ஏத்தினா என்னாகும்? கொஞ்ச நாள் தெம்பா இருப்பார். கசிவை நிறுத்தலன்னா திரும்ப வெளிறிப்போய் வருவார். புது சிப் மட்டும் மாட்டுறதும் அப்படித்தான். அதுவும் போகும். 4116 இன்னைக்குப் புதுசா யாரும் தயாரிக்கறதில்ல. வீணாக்கினா இழப்புதான்.

8/ அதனால் முதல்ல மல்டிமீட்டர். மூணு வோல்ட்டும் அளங்க. -5 இல்லையா, உடனே ஆஃப் பண்ணுங்க. டிஆர்4 பகுதியைச் சரிசெஞ்சு மறுபடி அளங்க. சிப் அப்புறம்தான். அதையும் சாக்கெட் வெச்சுப் போடுங்க.

9/ "1982 சின்கிளேர் ரிசர்ச் லிமிடெட்"னு திரையில வரி வந்தாச்சா? அதோட டிஸ்சார்ஜ் பண்ணிடாதீங்க! ஆன் ஆகும்போது மெஷின் தன் மெமரியைத் தானே சோதிக்கும். பழுது கண்ட இடத்தோட மெமரி முடிஞ்சதுன்னு எடுத்துக்கிட்டு, ஒன்னும் நடக்காத மாதிரி அந்த வரியைக் காட்டும். 23733-ஆம் முகவரியைப் படிச்சுப் பாருங்க. 255 வந்தா 48 கேபி முழுசாத் தெரியுது. 127 வந்தா மேல் 32 கேபியை அது கணக்கிலேயே எடுக்கல.

10/ அறிகுறி ஒரு இடம், காரணம் வேற இடம். மனுஷனோ மெஷினோ, காரணத்தைத் தேடிட்டு வைத்தியம் பாருங்க.