திங்கட்கிழமை நோய் சட்டம் ஏறிய கதை

ஞாயிறு ஓய்வு முடிந்து திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போன சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும், இருமல் வரும், மூச்சு முட்டும். வாரம் நகர நகர அது தணிந்துவிடும். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. பல ஆண்டுகள் தூசியிலேயே உழைத்தவருக்கு எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும்; கெட்ட நுரையீரல் பிறகு திரும்பாது. எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் கிடையாது. அதனாலேயே இந்த நோயாளியின் பேச்சு நெடுங்காலம் எடுபடவில்லை.

சணல் நார் சீவுவோரின் இருமலை இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700-லேயே எழுதிவைத்தார். 1877-இல் நோய்க்குப் பெயர் வைத்தவர், நாவலாசிரியர் மார்செல் புரூஸ்டின் தந்தையான டாக்டர் அத்ரியன் புரூஸ்ட். பிரிட்டனில் இழப்பீடு வர 1941 ஆயிற்று. அதுவும் இருபது ஆண்டு வேலை பார்த்த ஆண்களுக்கு மட்டும்.

1950-களில் மருத்துவர் ரிச்சர்ட் ஷில்லிங் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளுக்குப் போய்த் தொழிலாளிகளையே கேட்டார்: திங்கட்கிழமை நெஞ்சு இறுகுகிறதா? மற்ற நாட்களிலும் உண்டா? அந்தப் பதில்களை வைத்தே நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார். கூடவே ஊதிப் பார்க்கும் சோதனையும் வந்தது. மூச்சை நிறைய இழுத்துக் குழாயில் வேகமாக ஊத வேண்டும். முதல் வினாடியில் வெளியேறும் காற்று எவ்வளவு என்று கருவி காட்டும். ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதினால் தூசி பறித்த மூச்சு கணக்கில் வந்துவிடும்.

இந்தக் கணக்கைச் சட்டத்திடம் கொண்டுபோனவர்கள் நோயாளிகளே. அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் மூச்சு வாங்கி வேலையிழந்த முதிய ஆலைத் தொழிலாளிகள் 1975-இல் 'பழுப்பு நுரையீரல் சங்கம்' தொடங்கினார்கள். ஊர் ஊராக ஊதும் சோதனை முகாம் நடத்தினார்கள்; அரசியல்வாதிகளின் கதவைத் தட்டினார்கள். 1978-இல் நூற்பாலைகளில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் தூசிதான் இருக்கலாம் என்று அரசு வரம்பு கட்டியது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1981-இல் உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் நின்றது.

நம் நாட்டிலும் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் இந்த நோய் உண்டு. ஆனால் அட்டவணை தானாக யாருக்கும் இழப்பீடு தராது; நோயைக் கண்டுபிடித்துச் சான்று எழுத மருத்துவர் வேண்டும். நம் கொங்கு மண்டலத்தையே பாருங்கள்: கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் மில்லில் தொடங்கி, 1930-களில் பைக்காரா நீர்மின்சாரத்தால் பெருகிய நூற்பு, இன்று பல்லடம், உடுமலை, அவிநாசி வரை பரவிக்கிடக்கிறது. கழிவுப் பஞ்சில் நூற்கும் ஓ.இ. (ஓபன் எண்ட்) மில்கள் பல. அங்கே பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமிலும், அதைச் சீவும் கார்டிங்கிலும் நிற்பவர்களில் ஒப்பந்தத் தொழிலாளரும் வடமாநிலத்தவரும் நிறைய. உடம்பு முடியாவிட்டால் ஊருக்குப் போய்விடுவார்கள். வேலையில் இருப்பவரை மட்டும் சோதித்தால் நோய் குறைவாகவே தெரியும்.

ஆகவே நம் எம்.எல்.ஏ.க்களிடமும் எம்.பி.க்களிடமும் கேட்க வேண்டியது தெளிவு. கொங்கு மண்டல ஆலைகளில் பல ஆண்டு தொடரும் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். திங்கட்கிழமை ஷிப்டின் முன்னும் பின்னும் ஊதும் சோதனை நடக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களையும் தேடிச் சேர்க்க வேண்டும். தொழிலாளர் நலத்துறை மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்துக்கு வருகிறது. அந்த விவாதத்தில் இதை எழுப்பும்படி உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு இப்போதே மனு எழுதுங்கள்.