உடலைத் தமிழில் அறிவித்த ஊழியம்

மிஷனெரிமாரின் வரலாற்றை ஆராயும்போது வேதாகம மொழிபெயர்ப்பையும் பிரசங்கத்தையுமே நாம் பெரிதும் நினைவுகூருகிறோம். மனித உடலைப்பற்றிய அறிவைத் தமிழில் அளித்த பணியை மறந்துவிடுகிறோம். அமெரிக்க மிஷனெரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கலானார். தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழி. ஆங்கிலம் கற்றோர் உத்தியோகம் நாடி ஊரைவிட்டு அகல்வதைக் கண்ட அவர், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார்.

1872இல் வெளியான 'மனுஷ அங்காதிபாதம்' உறுப்புகளின் அமைப்பைக் கூறிற்று. 1875இல் 'கெமிஸ்தம்' பொருள்களின் சேர்க்கையை விளக்கிற்று. 1883இல் 'மனுஷ சுகரணம்' உறுப்புகளின் தொழிலை உணர்த்திற்று. ஏற்ற தமிழ்ச்சொல் இல்லாதவிடத்து வடசொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் அவர் தயங்காது ஆண்டார். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ்ப்பணியை விட்டாரில்லை, 1884இல் மறைந்தார்.

அந்நூல்களின் சொற்கள் பல இன்று வழக்கொழிந்தன. அவற்றைப் பிறப்பித்த நோக்கமோ ஒழியவில்லை. நோயாளியின் மொழியில் மருத்துவன் சிந்திக்கவேண்டும் என்பதே அந்நோக்கம். அங்ஙனமாயின், சபையாரின் மொழியில் போதகன் சிந்திக்கவேண்டாவோ? பிறமொழியில் இறையியல் பயின்று, பிரசங்கபீடத்தில் மட்டும் தமிழைத் தேடும் நாம் இதனை எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.