வரலாற்றுப் பாடம் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்

க.பொ.த. சாதாரண தரத்தில் கட்டாயப் பாடங்களுள் ஒன்றாக வரலாறு இருந்து வருகிறது. ஆனாலும் அரசர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் பாடமாக்கி, பரீட்சை மண்டபத்தில் கொட்டிவிட்டு மறந்துபோகும் பாடமாகவே பெரும்பாலான மாணவர்கள் அதனைப் பார்க்கிறார்கள். சலிப்பு மட்டும் இதில் பிரச்சினை அல்ல. எமது பிள்ளைகள் வீட்டிலும் அரசியல் மேடைகளிலும் முகநூலிலும் நாளாந்தம் ஏதோவொரு "வரலாற்றை"க் கேட்கிறார்கள். "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கத்தைப் பாடசாலை கொடுக்காவிட்டால், உரத்துச் சொல்லப்படுவதே அவர்களுக்கு வரலாறாகிவிடும்.

ஆகவே சான்றை முதலில் மாணவர் முன் வைத்து, விளக்கத்தைப் பின்னர் சொல்வதே சிறந்த வழி என்று நான் கருதுகிறேன். அதற்கு நான்கு உதாரணங்களைத் தருகிறேன்.

வகுப்பறையே சான்று

ஐரோப்பியர் ஆட்சி பற்றிய அலகை வகுப்பறையிலுள்ள பொருட்களிலிருந்து தொடங்கலாம். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சாவி, சப்பாத்து, பாண் ஆகிய யாவும் போர்த்துக்கேயச் சொற்களிலிருந்து வந்தவை. கந்தோர் ஒல்லாந்தர் தந்த சொல். கக்கூசும் அவர்களுடையதே என்றால் வகுப்பு சிரிக்கும். சிரித்த பிள்ளை அதை மறக்காது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியது 1619இல், யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது 1658இல். நாற்பது ஆண்டுகளுக்கும் குறைவான ஆட்சி இத்தனை சொற்களை எப்படி விட்டுச் சென்றது என்று கேளுங்கள். சிங்கள மாணவரும் மேசய, ஜனேலய, அல்மாரிய என்றே சொல்கிறார் என்பதையும் காட்டுங்கள். இரு சமூகங்களும் ஒரே அனுபவத்தினூடாக வந்தன என்பதை மாணவர்கள் தாமாகவே கண்டுகொள்வார்கள்.

ஒரு கல், மூன்று மொழிகள்

1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய அது 1409ஆம் ஆண்டுக்குரியது. சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாம் சார்ந்தது.

வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பகுதியின் சுருக்கத்தை மட்டும் கொடுங்கள். காணிக்கை யாருக்கு என்று கேட்டால் மூன்று விடைகள் வரும். பின்னர் மூன்றையும் ஒன்றாக வைத்து வாசிக்கச் செய்யுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் வாசிப்பதன் ஆபத்தை விளக்க இதைவிட நல்ல பாடம் இல்லை. தென்னிலங்கைத் துறைமுகத்தில் தமிழ் ஏன்? சிங்களம் ஏன் இல்லை? இவற்றுக்கு ஆசிரியர் உடனே விடை சொல்லத் தேவையில்லை.

யார் எழுதியது, எப்போது?

எல்லாளன் - துட்டகைமுனு பாடத்தை இரண்டு இனங்களின் போராகவே பலர் மனதில் பதித்துக்கொள்கிறார்கள். ஆனால் எல்லாளனின் நீதி தவறாத ஆட்சியைப் புகழ்வதும், வென்ற துட்டகைமுனு அவனது நினைவிடத்துக்கு மரியாதை செய்யப் பணித்ததாகக் கூறுவதும் அதே மகாவம்சம்தான். போர் நடந்தது கி.மு. 2ஆம் நூற்றாண்டில், நூல் எழுதப்பட்டதோ அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து. இந்தக் கால இடைவெளியைக் கரும்பலகையில் ஒரு கோடாக வரைந்து காட்டினாலே மாணவரின் வாசிப்பு மாறிவிடும்.

பெரியவர்களிடம் கேட்டல்

எழுதப்படாத சான்றுகள் வீட்டிலேயே இருக்கின்றன. மலையக மாணவர் ஒருவர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைப் பாடநூலில் இரண்டு வரிகளில் படிக்கிறார். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவானது. இந்த எண்களுக்குள் தன் குடும்பம் எங்கே நின்றது என்று அம்மம்மாவிடம் கேட்டுவரச் சொன்னால், அந்த இரண்டு வரிகளும் உயிர்பெறும். கேட்டு வந்ததை ஆவணங்களோடு ஒப்பிடுவதும் பாடத்தின் ஒரு பகுதியாக வேண்டும், ஏனெனில் நினைவும் தவறலாம்.

இங்கே அவதானம் தேவை. ஐந்து கேள்விகளை முன்கூட்டியே தயாரித்து, பெரியவரின் சம்மதத்தோடு கேட்க வேண்டும். சொல்ல விரும்பாததை வற்புறுத்தக் கூடாது. யுத்தம் தின்ற வீடுகள் உள்ள வடக்கு, கிழக்கில் எந்தப் பிள்ளையையும் தன் இழப்பை வகுப்பின் முன் சொல்ல வைக்கக் கூடாது.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயமானதே. எல்லாப் பாடவேளைகளையும் மாற்றும்படி நான் கேட்கவில்லை. ஒரு அலகுக்கு ஒரு பாடவேளை போதும். பெரியவர்களிடம் கேட்டு எழுதுவதைப் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கான ஒப்படையாகவே கொடுக்கலாம். பரீட்சைக்கு வேண்டிய ஆண்டுகளும் அப்போது இலகுவாக நினைவில் நிற்கும். அதைவிட முக்கியமாக, நாளை யாராவது வரலாற்றின் பெயரால் கோபமூட்ட வரும்போது, "சான்று எங்கே?" என்று கேட்கும் ஒரு தலைமுறை எமக்குக் கிடைக்கும்.