பரங்கிமலைக் கற்சிலுவையில் எழுதியிருப்பது என்ன?



டிசம்பர் 18 நெருங்கி வருகிறது. குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் வழியாகவோ போரூர் வழியாகவோ பரங்கிமலைக்குத் திருப்பயணம் போகிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். மலையுச்சி ஆலயத்தில், பீடத்துக்குப் பின்னால் பதித்திருக்கும் கற்சிலுவைக்கு முன் முழந்தாள்படியிடுகிறோம். திருத்தூதர் தோமையார் தம் கையாலேயே செதுக்கிய சிலுவை அது, அதைத் தழுவியபடியே அவர் உயிர்விட்டார் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கல்லின் வரலாற்றை இன்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

1547இல் போர்த்துக்கீசியர் அந்த மலைமேல் ஆலயம் எழுப்ப அஸ்திவாரம் தோண்டினார்கள். அப்போதுதான் இந்தக் கல் மண்ணிலிருந்து வெளிப்பட்டது. அதில் சிவப்புக் கறைகளைக் கண்டார்கள். தோமையாரின் இரத்தம் என்றே நம்பினார்கள். 1558 டிசம்பர் 18 அன்று, திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போதே கல்லில் வியர்வை துளிர்த்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மரியன்னை தம் மகனின் பிறப்பை எதிர்பார்த்திருந்ததைக் கொண்டாடும் நாள் அது. ஆலயத்துக்கும் எதிர்பார்ப்பின் அன்னை என்றே பெயர். கடைசியாக 1704இல் வியர்த்தது என்பது மரபு. இது நம் விசுவாச அறிக்கையில் சேர்ந்தது அல்ல. பக்தியோடு ஏற்பவர் ஏற்கலாம்.

சிலுவையைச் சுற்றி வளைவாக ஓர் எழுத்து வரிசை ஓடுகிறது. அது யாருக்கும் புரியவில்லை. 1561இல் விஜயநகர நாட்டுப் பண்டிதர் ஒருவரை அழைத்து வந்து காட்டினார்கள். அவர் தயங்கவில்லை. தோமையார் வந்த கதை, போதித்த கதை, மயிலையில் இறந்த கதை எல்லாம் அதில் இருப்பதாக விரிவாகவே படித்துக் காட்டிவிட்டார். கேட்டவர்கள் எதைக் கேட்க ஆசைப்பட்டார்களோ அதையே அவர் படித்தார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் அந்த வாசிப்பே நிலைத்தது. 1873இல் மதராஸ் மாகாணத்தில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னல் என்ற அறிஞர், இது பஹ்லவி, அதாவது பழைய பாரசீக மொழி எழுத்து என்று எடுத்துக்காட்டினார். பொருளை முடிவுசெய்ய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. இன்று அறிஞர் பலர் ஏற்கும் வாசிப்பின் சாரம் இதுதான்: எங்கள் ஆண்டவராகிய மெசியாவே, சஹர்புக்த் என்பவரின் மகனான இவன்மேல் இரக்கமாயிரும். மகனின் பெயரை ஒருவர் அஃப்ராஸ் என்கிறார், வேறு சிலர் சப்ரிஷோ என்கிறார்கள். கல்லை அவர் செதுக்கினாரா, கொண்டு வந்தாரா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. தோமையாரின் பெயர் அதில் இல்லை. அறிஞர்கள் கல்லின் காலத்தைப் பொதுவாக 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் வைக்கிறார்கள். அப்படியானால் தோமையாருக்கு ஐந்நூறு ஆண்டுகளாவது பிற்பட்டது.

பாரசீகர் இங்கே எப்படி வந்தார்கள்? பருவக்காற்றைப் பிடித்துப் பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பலில் வந்த வணிகர்கள் அவர்கள். அவர்களோடு குருக்களும் வந்தார்கள். 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேணாட்டு ஆட்சியாளர் அய்யன் அடிகள் கிறிஸ்தவர்களுக்குக் கொடுத்த உரிமைகள் அதில் வட்டெழுத்தில் இருக்கின்றன. சாட்சிக் கையெழுத்துகளோ பஹ்லவி, அரபு, எபிரேய எழுத்துகளில் இருக்கின்றன. கோட்டயம் வலியபள்ளியிலும் பரங்கிமலைச் சிலுவையைப் போன்ற கற்சிலுவைகள் உண்டு. 1912இல் இலங்கை அநுராதபுரத்தில் கிடைத்ததும் இந்தக் குடும்பத்துச் சிலுவைதான், அதில் எழுத்து மட்டும் இல்லை.

இனி வடிவத்தைப் பாருங்கள். நம் சிலுவையில் ஆண்டவரின் திருவுடல் இல்லை. நான்கு முனைகளும் மொட்டுப்போல் அரும்பி நிற்கின்றன. அடியில் இலைகள் விரிகின்றன, மேலிருந்து புறா இறங்குகிறது. மேல் வளைவு இருபுறத் தூண்களின்மேல் உள்ள மகரங்களின் வாயிலிருந்து எழுகிறது. மகரதோரணம் நமக்குப் புதிதல்ல, தமிழ்நாட்டுக் கோயில் எதிலும் காணலாம். பாரசீக வேண்டுதலுக்கு நம் நாட்டு உளி தோரணம் கட்டியிருக்கிறது! செதுக்கியவர்கள் காட்டியது சாவை அல்ல, துளிர்த்த மரத்தை, உயிர்ப்பை.

போர்த்துக்கீசியரோ பாடுபட்ட சுரூபத்தின் முன் செபித்துப் பழகியவர்கள். ஆணி, முள்முடி, இரத்தம் இல்லாத சிலுவையை அவர்களால் எண்ணிப்பார்க்க முடிந்திருக்காது. அதனால் மலர்ந்த சிலுவை இரத்தச் சிலுவை ஆயிற்று. அவர்களை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டோம். அவர்கள் பக்தி உண்மையானது. அதனால்தான் அந்தக் கல் உடைபடாமல் பீடத்தில் ஏறியது, நம் கைக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தக் கல்லைப் பீடத்தில் ஏற்றியவர்கள்தாம், அதைச் செய்தவர்களின் திருச்சபையை நெஸ்தோரியப் பதிதம் என்றார்கள். 1599இல் பேராயர் மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர் சங்கம் கேரளத் தோமா கிறிஸ்தவர்களின் சிரியாக் நூல்கள் பலவற்றைக் கண்டித்தது. எத்தனையோ ஏடுகள் தீக்கிரையாயின. மலைமேல் அவர்கள் சிலுவைக்குத் தூபம், கீழே அவர்கள் நூல்களுக்கு நெருப்பு. சிலுவையில் எழுதியிருந்ததைப் படிக்க முடிந்திருந்தால் இந்தக் கல்லை என்ன செய்திருப்பார்களோ!

அந்தப் பிளவில் பெரிய அடைப்பு ஒன்று 1994 நவம்பர் 11 அன்று நீங்கியது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும், அந்தக் கீழைத் திருச்சபையின் இன்றைய வாரிசான அசீரியத் திருச்சபையின் தலைவர் நான்காம் மார் தின்காவும் உரோமையில் கிறிஸ்துவைப் பற்றிய பொது அறிக்கையில் கையொப்பமிட்டார்கள். கிறிஸ்துவைப் பற்றி இருவர் விசுவாசமும் ஒன்றே என்று அறிவித்தார்கள். அதே திருத்தந்தை 1986 பிப்ரவரியில் நம் பரங்கிமலைக்கு வந்து செபித்தவர்.

கல்லின் பயணம் இன்னும் முடியவில்லை. கேரளத்தில் சீரோ மலபார் மக்கள் இதே வடிவத்தை மார் தோமா சிலுவை என்று தங்கள் அடையாளமாகக் கொள்கிறார்கள். அதைப் பீடத்தில் வைக்கலாமா கூடாதா என்று அங்கே பெரிய சச்சரவே நடந்தது.

கல் தோமையார் செதுக்கியதல்ல என்றால் தோமையார் இங்கே வந்ததும் பொய்யா என்று யாராவது கேட்கலாம். அப்படி இல்லை. தோமையாரின் இந்தியப் பணியைப் பற்றி 4ஆம் நூற்றாண்டிலேயே சிரியாக் மொழியில் பாடியவர் புனித எஃப்ரேம். அந்த மரபு இந்தக் கல்லை நம்பி நிற்கவில்லை. சொல்லப்போனால், எங்கோ பாரசீகக் கரையில் பிறந்தவர் தோமையாரின் பெயரைக் கேட்டே இந்த மலையைத் தேடி வந்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

அந்த மனிதர் கேட்டது ஒன்றுதான், இரக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லில் எழுதி வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் முன் மண்டியிட்ட நாம் அவருக்காக ஒரு செபமும் சொன்னதில்லை. இந்த ஆண்டு 18ஆம் தேதித் திருப்பயணத் திருப்பலியில், நம் பங்கின் இறந்தோர் பெயர்களோடு, சஹர்புக்தின் மகனுக்காகவும் ஒரு கருத்து வைத்திருக்கிறோம்.