கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம்

சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1871 முதல் இயங்கிவரும் இந்த மருத்துவமனை, இந்தியாவின் மிகப் பழைய மனநல மருத்துவமனைகளுள் ஒன்று.

இதன் வேர் புரசைவாக்கத்தில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலண்டைன் கனோலி 1794இல் சுமார் 20 பேர் தங்கும் விடுதியொன்றைத் தொடங்கி, கம்பெனியிடம் வாடகை பெற்று நடத்தினார். பின்னாளில் அது டால்டன் என்ற மருத்துவரின் கைக்கு மாறியது. 1858இல் வந்த மனநோயாளர் விடுதிச் சட்டத்துக்குப் பிறகு அரசே பெரிய விடுதிகளைக் கட்ட முற்பட்டது. சென்னையில், கீழ்ப்பாக்கத்தின் லோகாக் தோட்டம் எனப்பட்ட 66.5 ஏக்கர் நிலம் அதற்குத் தேர்வாயிற்று. அங்கே முதலில் இருந்தவர்கள் 145 பேர். புரசைவாக்க விடுதியின் காலம் அத்தோடு முடிந்தது.

சிகிச்சை என்று சொல்லும்படி அன்று அதிகம் இல்லை. அடைத்துவைத்துக் காப்பதே முதல் வேலை. 1950களில் குளோர்புரோமசின் போன்ற மனநோய் மருந்துகள் வந்ததும் நிலைமை மாறியது. 1961 முதல் 1978 வரை தலைமை வகித்த மருத்துவர் சாரதா மேனன், புறநோயாளர் பிரிவுக்கும் தொழிற்பயிற்சிக்கும் வழிவகுத்தார். வீட்டிலிருந்தபடியே வந்து மருந்து வாங்கிச் செல்பவரை உள்ளே அடைக்கத் தேவையில்லை. குணமானவர் வெளியே பிழைக்க அவருக்கொரு கைத்தொழில் வேண்டும். இந்த எண்ணத்தோடுதான் அவர் ஓய்வுக்குப்பின் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப் அமைப்பையும் நிறுவினார்.

சாரதா மேனனின் பொறுப்பு முடிந்த அதே 1978இல், இத்தாலி தன் மனநோயாளர் விடுதிகளையே மூடச் சட்டம் இயற்றியது. அங்கே 1888இல் தொடங்கிய வோல்தேரா விடுதி இன்று இடிந்து, செடி மண்டிக் கிடக்கிறது. பெர்னாண்டோ நன்னெத்தி என்ற நோயாளி கையில்லா மேலுடுப்பின் கொக்கியால் அதன் சுவரில் கீறிய எழுத்துகள் மட்டும் ஆய்வாளரை ஈர்க்கின்றன.

கீழ்ப்பாக்கமோ காலியாகவில்லை. திரைப்பட நகைச்சுவையில் இந்த ஊர்ப்பெயரே ஏச்சாகிப்போனதும், குணமானவரை அழைத்துச் செல்லக் குடும்பங்கள் தயங்குவதும் ஒரே அச்சத்திலிருந்து பிறந்தவை. ஆள் குணமாகிவிட்டார், ஆனால் போக வீடில்லை என்ற நிலை கொடுமையானது.

2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இதை நேரடியாகவே தொடுகிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் எவரையும் மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது அதன் 19ஆம் பிரிவு. அவர்கள் வெளியே வாழ்வதற்கான ஆதரவையும் இல்லங்களையும் அமைத்துத் தருவது அரசின் கடமை.